பெட்டி கெடவில்லை, புதியது அனுப்ப வேண்டாம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவும் அவள் முழங்காலும்கூட இப்போது ஓரளவு சமாதானமாகிவிட்டார்கள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழ வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து இது யாருடையது என்று யோசித்திருப்பாய். என்னுடையதுதான் கண்ணு. அம்மா எழுதிக் கொடுக்கவில்லை, நான் எழுதப் படிக்கக் கற்கிற முதியோர் வகுப்பு டீச்சரும் எழுதிக் கொடுக்கவில்லை. உன் முகவரியை மட்டும் நீ அனுப்பிய பார்சலின் மேலிருந்து பார்த்துப் பார்த்து வரைந்தேன், கோலம் போடுகிற மாதிரி. கடிதம் முழுக்க நானே யோசித்து நானே எழுதியது. ஒரே மூச்சில் எழுதவில்லை, காலையில் தேநீர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் நகரும், விரல் வலித்ததும் மடித்துப் பழைய சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். ஏன் ஒளிக்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு வைஃபை பெட்டி கெட்டுப்போகவில்லை. கூடத்து அலமாரி மேல் நீ வைத்துவிட்டுப் போன கேமராவும் கெட்டுப்போகவில்லை. டிவி, டேப்லெட், கைப்பேசி எல்லாம் இப்போது நன்றாக ஓடுகின்றன, கேமராவை மட்டும் நான்தான் உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். அம்மா உன்னிடம் கரண்ட் சரியில்லை என்று சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், அதற்காக அவளிடம் கோபித்துக்கொள்ளாதே. நீ புதுப் பெட்டி வாங்கி அனுப்புகிறேன், ஆள் விட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறேன் என்றாயாம். வேண்டாம் அம்மாடி. இதை முழுக்கப் படி, அதற்குப் பிறகும் கேமரா எந்நேரமும் ஓட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எனக்கு எழுது, பேசுவோம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயிலிருந்து வருவதைத் திருத்திக்கொண்டே இருப்பாள் என்பது உனக்குத் தெரியாததா. முன்பு கடிதம் என்றாலும் அப்படித்தானே, நான் பத்து வார்த்தை சொன்னால் அவள் நான்கு எழுதுவாள், அந்த நான்கும் அவளுடையதாக இருக்கும். இப்போது உனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும், அதை அவள் எழுத மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

அவளுக்கு நீ அனுப்பிய புதுக் கைப்பேசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். வந்த அன்று பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் பெட்டி அதைச் சேர்க்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா. மாடியில் இருப்பவர்கள், எதிர்வீடு, அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று ஊரே நம் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஓட்டியதால், பட்டியலில் இருக்கிற பொருளை மட்டும்தான் சேர்க்க வேண்டும் என்று பெட்டிக்கு நீ உத்தரவு போட்டிருந்தாய். நாங்கள் அதை மறந்தே போனோம். நீ வீடியோவில் வந்து, அப்பா டேப்ல பெட்டியோட செட்டிங்ஸ் பக்கத்தைத் திறங்க, போன்ல இருக்கிற நம்பரைப் பார்த்துப் பட்டியல்ல சேருங்க, பேரு என்ன வேணாலும் வச்சுக்கலாம், நம்பர்தான் முக்கியம், அது அந்தப் பொருளோட கூடவே பொறந்தது என்றாய். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒவ்வொரு துணிக்கும் மடிப்புக்குள் ஒரு குறி தைத்திருப்போம், பிரசவ வார்டுக்குச் சிவப்பு நூல், ஆபரேஷன் அறைக்குப் பச்சை நூல். மேலே யார் போர்த்தியிருந்தாலும் எங்களுக்குத் துணியின் பெயர் அந்த நூல்தான். சரி, இதுவும் அதே சங்கதிதான் என்று நம்பரைப் படித்தேன். நடுவில் இங்கிலீஷ் எழுத்து வந்தது, அதையும் படித்தேன். நீ உடனே, அப்பா, இங்கிலீஷ் எப்ப படிச்சீங்க என்று கேட்டாய். உண்மையைச் சொல்லட்டுமா. வகுப்பில் தமிழை முடித்துவிட்டு இங்கிலீஷில் பெரிய எழுத்து ஆரம்பித்தார்கள், ஏ, பி, சி, டி, ஈ, எஃப் வரை வந்ததும் வகுப்பறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம் என்று விடுமுறை விட்டுவிட்டார்கள். அதிர்ஷ்டத்தைப் பார், இந்த நம்பர்களில் எஃப்புக்கு மேல் எழுத்தே வருவதில்லை. எனக்குத் தெரிந்தது அதற்குப் போதும், அதற்குத் தெரிந்தது எனக்குப் போதும்.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பது எனக்கு ஒரு பொழுதாகிவிட்டது. டேபில் ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் தமிழாகிவிடுகிறது, ஆனால் அது நாம் பேசுகிற தமிழ் இல்லை, வழக்கு மன்றத்தில் கூண்டில் நின்று கேட்கிற தமிழ். அணுகல் கட்டுப்பாடு என்று போட்டிருந்தது. விடுமுறையிலும் டீச்சரை வழியில் பார்த்து அணுகல் என்றால் என்ன என்று கேட்டேன், கிட்ட போறதுங்க ஐயா என்றார். அப்படியானால் அணுகல் கட்டுப்பாடு என்றால் கிட்டே வராதே என்று அர்த்தமா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, யார் வரலாம் யார் வரக்கூடாதுன்னு வீட்டுக்காரர் முடிவு பண்றதுங்க என்றார். அந்த விளக்கத்தை நான் விடவில்லை, மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

கைப்பேசி கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு நெட் மெதுவாக வருகிறது என்று உன் அம்மா ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி வைஃபையை மறக்கச் செய்து, மறுபடி சேர்க்கப் பார்த்திருக்கிறாள், பெட்டி மாட்டேன் என்றுவிட்டது. நான் போய் நம்பரைப் பார்த்தால் அது வேறு நம்பர். சட்டை அதே சட்டை, குறி மட்டும் வேறு. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து அதையும் பட்டியலில் சேர்த்தேன். இன்னொரு நாள் மறுபடியும் அதே கூத்து, மறுபடியும் புது நம்பர். வெளுக்கப் போட்ட சட்டை ஒவ்வொரு தடவையும் குறியை மாற்றிக்கொண்டு திரும்பினால் சலவைக்காரன் என்ன செய்வான், சொல். பட்டியல் நீண்டுகொண்டே போனது. அதில் ஏற்கெனவே நீ படிக்கும்போது வைத்திருந்த கம்ப்யூட்டர், என் உடைந்த கைப்பேசி, எப்போதோ வந்து தங்கிய உன் சித்தப்பாவின் போன் எல்லாம் கிடந்தன. மனிதர்கள் போய்விட்டார்கள், நம்பர்கள் மட்டும் வீட்டில் குடியிருந்தன. எனக்குக் கை அரித்தது. சலவைக்கூடத்தில் எங்கள் மேஸ்திரி சொல்வார், மேலாகப் பொறுக்காதே, கொட்டிப் பிரி. கலந்துபோன வண்டியில் மேலே கையை விட்டுத் துழாவினால் அடியில் இருப்பது தப்பிவிடும், எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து உரிய கூடையில் போட வேண்டும். முப்பது வருடம் செய்த வேலை ஆயிற்றே, கை கேட்குமா. அனைத்தையும் தேர்ந்தெடு என்று இருந்தது, தேர்ந்தெடுத்தேன். நீக்கு என்று இருந்தது, நீக்கினேன். பட்டியல் வெளுத்த வேட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது. சரி, இனி ஒவ்வொன்றாகச் சேர்ப்போம் என்று விரலை வைத்தால் பக்கம் அசையவில்லை. நான் கொட்டிய கூடையில் நானும் இருந்தேன் அம்மாடி. கையிலிருந்த டேபும் பட்டியலிலிருந்து போய்விட்டது, பட்டியலில் இல்லாதவனுக்குப் பட்டியலைக் காட்ட மாட்டேன் என்கிறது பெட்டி.

உன் அம்மா டிவி ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டபடி வந்தாள். என்ன பண்ணீங்க என்றாள். ஒண்ணும் பண்ணலையே என்றேன். ஒண்ணும் பண்ணாமலேயே ஒண்ணும் இல்லாம ஆக்க உங்களால மட்டும்தாங்க முடியும் என்றாள். பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று உண்டே, அதை அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊக்கை எடுத்துக்கொண்டு போனேன். ஓட்டையின் மேல் நீ ஒட்டியிருந்த காகிதத்தை அன்றுதான் படித்தேன். அப்பா, இதைத் தொடாதீங்க, தொட்டா நெட் கம்பெனி கொடுத்த எல்லாமே அழிஞ்சிடும் என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வருடமாக அதைக் கடைக்காரன் ஒட்டிய சீட்டு என்று நினைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். முதன்முதலாக நீ எனக்கு எழுதிய கடிதம் அதுதான் போலிருக்கிறது, பதில் எழுதத்தான் தாமதமாகிவிட்டது. ஊக்கைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

தெருமுனையில் கைப்பேசி பழுது பார்க்கும் கடைக்காரம்மாவைக் கூப்பிடலாம் என்றால் அவள் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டாள், கடை பூட்டியிருந்தது. உனக்குச் சாதாரணப் போனில் சொல்லவும் எனக்கு வெட்கம், இந்தப் பெட்டிக்கு மேலதிகாரி நீதானே, கேட்டால் என்ன பதில் சொல்வது. அப்படித்தான் வீடு சில நாள் நெட் இல்லாமல் கிடந்தது, அப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது. கேமராவின் நீல விளக்கு சிவப்பாகிக் கண்ணைச் சிமிட்டியது. அம்மா அதை அண்ணாந்து பார்த்து, இது என்ன, தூங்குதா என்றாள். அதுவும் பட்டியலில் இல்லை, இப்போது அதற்குக் கண் தெரியாது என்றேன். அவள் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு காலையும் எதிர் நாற்காலியில் நீட்டி, அப்பாடா என்று உட்கார்ந்தாள். கூடத்தில் அவள் அப்படி உட்கார்ந்து எத்தனை நாளாகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் பார்த்தால் சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடக்கிறாள், திரும்பி வருகிறாள், நாற்காலியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறாள், உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண் காட்டியதெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்கிறாள். இவ்வளவு நாள் இதைச் செய்யாமலா இருந்தாய் என்று கேட்டேன். செஞ்சேனே, பின்னாடி துணி துவைக்கிற இடத்துல என்றாள்.

இதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து உன் அம்மா காலைப் பழக்கியது கூடத்தில் இல்லை, பின்னால் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற ஈரத் தரையில். கேமராவின் கண் எட்டாத இடம் வீட்டில் அது ஒன்றுதான் என்று அவளாகவே கணக்குப் போட்டிருக்கிறாள். நான் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டு, பாவம் என்ன ஒரு சலவை சலவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சலவைக்காரனுக்கே சந்தேகம் வரவில்லை பார். அவள் முழங்கையில் ஒரு காயத்தை வீடியோவில் பார்த்து நீ கேட்டாயே, கதவில் இடித்துக்கொண்டேன் என்று உன்னிடமும் சொன்னாள், என்னிடமும் சொன்னாள். கதவு இல்லை. அந்த ஈரத்தில் வழுக்கி மெஷினில் மோதியிருக்கிறாள், நல்லவேளை கீழே விழவில்லை. அவகிட்ட சொல்லிடாதீங்க, அங்க உட்கார்ந்து அழுவா என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். வாயால் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். வாயால் சொல்லவில்லையே, கையால்தானே சொல்கிறேன்.

ஏன் இப்படி என்று கேட்டேன். முதலில், சும்மா இருங்க என்றாள். விடாமல் கேட்ட பிறகு சொன்னாள், பொண்ணு பார்க்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லைங்க, அவ பார்க்காத உடம்பா. ஆனா அவ ஆபீஸ் மேசை மேல திறந்து வச்சிருப்பா, நாலு பேர் போவாங்க வருவாங்க. மாப்பிள்ளை போன்லயும் இருக்குன்னு அன்னைக்கு அவளே சொன்னா. சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் சொருகிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஆத்தான்னு கத்திக்கிட்டு நான் காலைத் தூக்குறதை அவரு பார்க்கணுமா என்றாள். அன்றொரு நாள் நீ கேமரா வழியாகவே பேசினாயே, அம்மா மாத்திரை போட்டாச்சா என்று, அவள் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது உனக்குக் கேட்டதோ இல்லையோ. அலமாரி பேசுதுங்க என்று என்னிடம் வந்து சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு விடிந்ததும் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொள்ளாமல் கூடத்துக்கு வருவதில்லை. விருந்தாளி வீட்டில் இருக்கிற மாதிரி சொந்த வீட்டில் இருந்திருக்கிறாள். எனக்கென்ன, நான் காலையில் எழுந்ததும் கேமராவுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு முதுகைச் சொறியப் போய்விடுவேன்.

நீ செய்தது தப்பு என்று எழுத இந்தப் பேனாவை எடுக்கவில்லை கண்ணு. ஆபரேஷனுக்கு முன் அவள் விழுந்த செய்தி கேட்டு நீ அங்கே சோறு இறங்காமல் கிடந்ததும், லீவு முடிந்து கிளம்பும்போது நாற்காலியில் ஏறி, அலமாரி மேல் கேமராவை வைத்துவிட்டு, இறங்கி நின்று ஒரு தடவை அவளைப் பார்த்துக்கொண்டதும் எனக்குத் தெரியும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தானே. அவள் விழக்கூடாது என்றுதான் வைத்தாய். அது இருப்பதால்தான் அவள் வழுக்குகிற இடத்துக்குப் போகிறாள் என்று உனக்கு எப்படித் தெரியும், கூடவே இருக்கிற எனக்கே தெரியவில்லை.

கடைக்காரம்மா ஊரிலிருந்து வந்ததும் தடிமனான பழைய லேப்டாப்பும் மஞ்சள் கம்பி ஒன்றும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். நான் கொட்டிப் பிரித்த கதையைச் சொன்னேன், நன்றாகச் சிரித்துவிட்டு, கிளையில உட்கார்ந்துக்கிட்டே அடிமரத்தை வெட்டினீங்களா ஐயா என்றாள். பிறகு, கவலைப்படாதீங்க, இந்தப் பெட்டி காத்து வழியா வர்றவங்களைத்தான் யாரு என்னன்னு கேட்கும், கம்பி வழியா வர்றவங்களைக் கேட்காது, பின்பக்கக் கதவு மாதிரி என்று சொல்லிக் கம்பியைச் சொருகினாள். பக்கம் திறந்துவிட்டது. எல்லாருக்கும் திறந்து விட்டுட்டு பாஸ்வேர்டை மட்டும் மாத்திடவா, சுலபம் என்றாள். வேண்டாம், என் மகள் போட்ட ஏற்பாடு அப்படியே இருக்கட்டும், ஒவ்வொன்றாக நான் படிக்கிறேன், நீ போடு என்றேன். டேப், என் கைப்பேசி, டிவி என்று ஒவ்வொன்றின் நம்பரையும் நான் படிக்க அவள் தட்டினாள். அம்மாவின் புதுப் போன் வந்ததும், இதுதான் குறியை மாற்றுகிற திருடன் என்றேன். அவள் பார்த்துவிட்டு, திருடன் இல்லைங்க, புதுப் போனெல்லாம் இப்ப முகமூடி போட்டுக்கிட்டுத்தான் போகுது. போற இடத்துலயெல்லாம் இது யாரு போன், எங்க போகுது, எங்க வருதுன்னு கண்டவங்க நோட்டம் விடக்கூடாதுன்னு அதுவே வேற வேற நம்பரைச் சொல்லிக்கும். பழைய பெட்டிக்கு அது புரியாது. நம்ம வீட்டு வைஃபைக்கு மட்டும் சொந்த முகத்தைக் காட்டுன்னு போன்ல ஒரு இடத்துல சொல்லிட்டா போதும் என்று அந்த இடத்தைக் காட்டினாள். போனில் தமிழிலேயே இருந்தது, நானே படித்து நானே மாற்றினேன். பழைய நம்பர்களைத் தூக்கிவிட்டுச் சொந்த நம்பரைப் போட்டோம், ஒட்டிக்கொண்டது. மறக்கச் செய்து மறுபடி சேர்த்தும் பார்த்தேன், அதே நம்பர், அதே முகம். நீயும் இதைத் தெரிந்து வைத்துக்கொள், உன் மாமியாருக்குப் புதுப் போன் வாங்கும்போது உதவும்.

இதைக் கேட்டுக்கொண்டே மேசை துடைத்துக்கொண்டிருந்த உன் அம்மா, பரவாயில்லையே, யாரும் பார்க்கக்கூடாதுன்னு போனுக்கே ஒரு வசதி செஞ்சு கொடுத்திருக்காங்க, அது புண்ணியம் பண்ணது என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். கடைக்காரம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அண்ணாந்து அலமாரியைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அடுத்து அதுதான், நம்பர் படிங்க ஐயா என்றாள் மெதுவாக. நான் கேமராவை இறக்கிக் கையில் எடுத்தேன், அடிப்பக்கத்தில் நம்பர் இருந்தது, எல்லாம் எனக்குத் தெரிந்த எழுத்துகள்தான். உன் அம்மா நிமிரவில்லை, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். யார் வரலாம் யார் வரக்கூடாதென்று வீட்டுக்காரர் முடிவு செய்வது என்று டீச்சர் சொன்னாரே, வீட்டுக்காரர் என்றால் யார், நானா. அந்தக் கூடத்தில் நடந்து பழக வேண்டியவள் அல்லவா. நம்பரைப் படித்துச் சேர்க்கச் சொன்னேன், ஆனால் ஓட விட வேண்டாம் என்றேன். ஒவ்வொரு வரிக்கும் நேராக இயக்கு, முடக்கு என்று இரண்டு இருக்கிறது, இதற்கு மட்டும் முடக்கு வைத்தோம். பட்டியலில் இடம் உண்டு, கூப்பிட்டால் உள்ளே வரும்.

பேரு என்ன போடட்டும் என்று கடைக்காரம்மா கேட்டாள். கேமரா என்று போடு என்றேன். அதற்கு உன் அம்மா, துடைப்பதை நிறுத்தாமலே, மகள்னு போடும்மா, வந்து பார்க்கிறது அவதானே என்றாள். பெட்டிக்குத் தமிழ் எழுத்து ஏறவில்லை, இங்கிலீஷில் பெரிய எழுத்தாக அடித்துக் கொடுத்தாள்.

இனிமேல் எப்படி என்று சொல்கிறேன், நானும் அம்மாவும் பேசி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், உனக்கு வசதியான நேரம் எதுவோ அதில், அம்மா தலைவாரிக் கூடத்துக்கு வந்து நின்று, கூப்பிடுங்க அவளை என்பாள். நான் இயக்கு என்று அழுத்துவேன். கேமராவை அலமாரி மேல் வைக்கவில்லை, ஜன்னலோரம் மேசை மேல் வைத்திருக்கிறேன், நீ வந்தால் உட்காருகிற உயரத்தில். மேலேயிருந்து பார்த்தால் ஆள் சின்னதாகத் தெரிவார்கள், இப்போது நேருக்கு நேர் பார்ப்பாய். உன் அம்மா கோல் இல்லாமல் சோபாவிலிருந்து ஜன்னல்வரை நடந்து காட்டுவாள். நேற்றே நடந்தாள், நடுவில் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை, ஆனால் நீ பார்க்கும்போது நடந்தால்தான் நடந்த மாதிரி என்கிறாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிரு. மற்ற நாட்களில் அவள் போனில் அவளே கூப்பிடுவாள். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று உனக்குத் துடிக்கும், அதற்கும் யோசித்திருக்கிறேன். பின்னால் ஈரத் தரைக்குச் சொரசொரப்பான விரிப்பு போட்டாயிற்று, கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தாயிற்று, குளியலறையிலும் பதித்தாயிற்று. போன் எப்போதும் அவள் இடுப்புப் பையில். வகுப்பு தொடங்கியதும் நான் போகிற நேரத்தில் மாடி வீட்டம்மா கீழே வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள், பாஸ்வேர்டு கேட்கவில்லை, சும்மாதான் வருவாளாம். என் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. கேமரா உனக்குச் செய்தி சொல்லி நீ எங்களுக்குப் போன் செய்வதற்குள் நான் அவளைத் தூக்கி உட்கார வைத்துத் திட்டும் வாங்கி முடித்திருப்பேன்.

மனதை விட்டுவிடாதே. என்னை வெளியில் நிறுத்திட்டீங்களே அப்பா என்று நினைக்காதே. முடக்கு என்று போட்டிருந்தாலும் உன் வரியை நான் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன், கொட்டிப் பிரிக்கிற புத்தியை விட்டுவிட்டேன். பட்டியலைத் திறக்கிறபோதெல்லாம் கடைசி வரியில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். வகுப்பு மறுபடி தொடங்கவில்லை, அதனால் மகள் என்று இங்கிலீஷில் இருக்கிற அந்தச் சொல்லில் எனக்குத் தெரிந்தது இரண்டு ஏ மட்டும்தான். மிச்ச எழுத்துகள் தெரியாவிட்டாலும் அது நீதான் என்று தெரியும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழுத்துவேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறை ஒன்றும் இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நிறைந்த ஆயுசோடு இருங்கள். வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையிடம் இதெல்லாம் சொல்லாதே, சங்கடப்படுவார், அத்தைக்கு நடை நன்றாக வந்துவிட்டது என்று மட்டும் சொல். ஞாயிற்றுக்கிழமை கேமரா வழியாக வரும்போது திடீரென்று பேசாதே, முதலில் மெதுவாக ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்து, அவள் வா என்ற பிறகு பேசு. முழங்கையைப் பற்றி மூச்சு விடாதே. பதில் எழுதினால் பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுது, நானே பிரித்து நானே படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
இனி நேராக உனக்கே எழுதப்போகும்
உன் அப்பா

உள்ளே பார்க்காமல் உறையை ஒட்டித் தரச் சொன்னார், படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். எழுத்து எதையும் திருத்தவில்லை. முழங்கை ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வா. அம்மா.